பழைய ஹார்ன் ஸ்பீக்கரை வீட்டில் வைக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிப்ஷ், ஆல்டெக், டானாய், ஜேபிஎல் என்று ஐம்பது முதல் எழுபதுகள் வரை வந்த ஹார்ன் ஸ்பீக்கர்களைச் சென்னையில் ஒரு ஃப்ளாட்டிலோ தனி வீட்டிலோ வைத்துப் பாட்டுக் கேட்க நினைப்பவர்களுக்கு இந்தப் பக்கம். எந்த பிராண்ட் உசத்தி என்ற பஞ்சாயத்து இங்கே இல்லை. முதலில் அறை, அடுத்து உட்காரும் தூரம், அதற்கடுத்து கைக்கு வரும் பொருளின் நிலைமை. பெயர்ப் பலகை நாலாவதுதான்.

ஆடி மாசம் அம்மன் கோயிலில் கட்டுகிற குழாயும் ஹார்ன்தானே? அதை யார் வீட்டில் கேட்பார்கள்?

ஹார்ன்தான், தத்துவமும் ஒன்றுதான். சின்ன டயஃப்ரம் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடு) காற்றை நேரடியாகத் தள்ளினால் பெரும்பாலான சக்தி வீணாகிறது. ஒடுங்கிய கழுத்தில் தொடங்கி மெல்ல விரியும் குழாயை அதன் முன்னால் வைத்தால், டயஃப்ரத்துக்குப் பிடிமானம் கிடைக்கிறது. அதே வாட்டுக்குப் பல மடங்கு ஒலி வருகிறது. மைக் செட் குழாயில் ஒரே டிரைவர் (ஒலி எழுப்பும் உறுப்பு), மடித்த சிறிய குழாய். ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் வராது, மேலேயும் சீக்கிரம் விழுந்துவிடும். நாலு தெரு தள்ளிப் பேச்சு புரிய வேண்டும் என்பதே அதன் வேலை, அதைச் செவ்வனே செய்கிறது. வீட்டு ஹார்னில் அதே வேலையை இரண்டு அல்லது மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

சந்தையில் எவையெல்லாம் வரும்? எது முழு ஹார்ன், எது அரைகுறை?

பால் கிளிப்ஷ் 1946-ல் ஆர்கன்சாவின் ஹோப் என்ற சிற்றூரில் நிறுவனம் தொடங்கி விற்ற கிளிப்ஷார்ன் முழு ஹார்ன். 15 அங்குல வூஃபர் (கீழ் ஒலிக்கான டிரைவர்) மடித்த மரக் குழாய்க்குள் ஒளிந்திருக்கும். வீட்டுச் சுவரின் மூலையே அந்தக் குழாயின் கடைசிப் பகுதி. 1963-ல் வந்த லா ஸ்காலாவும் முழு ஹார்ன், ஆனால் மூலை தேவையில்லை. அது பிறந்த கதை நம்மூருக்குப் பொருத்தமானது: ஆர்கன்சா ஆளுநர் தேர்தலில் நின்ற வின்த்ராப் ராக்கஃபெல்லரின் பிரசார மேடைக்காகச் செய்தது. 1957-ன் ஹெரசியும் 1959-ன் கார்ன்வாலும் அதே குடும்பம்தான், ஆனால் நடு ஒலியும் மேல் ஒலியும் மட்டுமே ஹார்ன். பேஸ் சாதாரணப் பெட்டி. ஹெரசியில் மூடிய பெட்டி, கார்ன்வாலில் துளைப் பெட்டி.

ஆல்டெக் லான்சிங்கின் ஏ7, 'வாய்ஸ் ஆஃப் த தியேட்டர்' வரிசையின் சின்ன உருப்படி. சினிமா திரைக்குப் பின்னால் நிற்பதற்காகச் செய்தது. 825 என்ற பெட்டியில் 15 அங்குல வூஃபருக்கு முன்னால் ஒரு குட்டை ஹார்ன், அடியில் துளை. மேலே 811பி ஹார்ன் என்றால் வூஃபருக்கும் ஹார்னுக்கும் ஒலி 800 ஹெர்ட்ஸில் பிரியும். 511பி என்றால் 500-ல். வலென்சியாவும் மாடல் 19-ம் அதே 811பி ஹார்னை வீட்டு மரச்சாமான் போன்ற பெட்டிக்குள் வைத்தவை, பேஸ் துளைப் பெட்டி.

டானாயின் டூயல் கான்சென்ட்ரிக் தனி ரகம். வூஃபரின் காந்த நடுத்தண்டு வழியாகவே ட்வீட்டரின் (மேல் ஒலிக்கான டிரைவர்) ஒலி வருகிறது. வூஃபர் கோனே ஹார்னின் விரிவாகிவிடுகிறது. இரண்டும் ஒரே புள்ளியிலிருந்து வருவதால் கிட்டத்தில் உட்கார்ந்தாலும் ஒலி பிரிந்து கேட்காது. இந்த ஒரு குணத்துக்காகவே சின்ன அறைக்காரர்கள் டானாயை முதலில் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு பெரிசு? சின்னதாகச் செய்ய முடியாதா?

முடியாது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.6 மீட்டர். திறந்த வெளியில் நிற்கும் ஹார்னின் வாய்ச் சுற்றளவு கிட்டத்தட்ட அந்த அளவு வேண்டும். அதாவது 2.7 மீட்டர் விட்டம், ஏறத்தாழ 5.9 சதுர மீட்டர் வாய். இரண்டு சுவரும் தரையும் சேரும் மூலையில் வைத்தால் அதில் எட்டில் ஒரு பங்கு, 0.74 சதுர மீட்டர் போதும். கிளிப்ஷார்ன் மூலையைக் கேட்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம். பெரிய வாய் இல்லாமல் 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் 'மினி ஹார்ன்' என்று யாராவது விற்றால், அதன் பேஸ் துளையிலிருந்து வருகிறது என்று அர்த்தம். அது தப்பில்லை, ஆனால் ஹார்ன் பேஸுக்கான விலை கொடுக்காதீர்கள்.

ஹால் 12க்கு 16 அடி. எதை வைக்கலாம்?

முதலில் வாசற்படியை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான ஃப்ளாட்டுகளில் தலைவாசல் 3 அடி, உள் கதவு 2½ அடி. ஏ7-ன் பெட்டி மட்டும் 42 அங்குல உயரம், 30 அகலம், 24 ஆழம். பக்கவாட்டில் திருப்பினால் நுழையும். கிளிப்ஷார்ன் 31 அங்குல அகலம், 28 ஆழம். மேல் தொப்பியைக் கழற்றித்தான் ஏற்ற வேண்டும். லிஃப்டை நம்பாமல் மாடிப்படித் திருப்பத்தை அளந்து வையுங்கள்.

அடுத்தது உட்காரும் தூரம். வூஃபரும் ஹார்னும் ஒன்றுக்கு மேல் ஒன்று நிற்கும் ஏ7-க்கு 3 முதல் 3½ மீட்டர் தூரமாவது வேண்டும். அதற்குள் உட்கார்ந்தால் பாடகரின் குரல் மேலேயும் மிருதங்கத்தின் தொப்பி கீழேயுமாகக் கேட்கும். 16 அடி நீளத்தில் ஸ்பீக்கரின் ஆழம் 2 அடி, சோபாவுக்குப் பின்னால் 2 அடி போனால் மிச்சம் 12 அடி. அது ஏ7-க்குச் சரியாகப் போதும். சோபா சுவரை ஒட்டியிருந்தால் பேஸ் குமிழும். 2 அடி முன்னால் இழுங்கள்.

லா ஸ்காலா 24 அங்குல அகலம், சுமார் 3 அடி உயரம். இந்த அறையில் இடம் அடைக்காது, ஆனால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதிர்பார்க்காதீர்கள். 10க்கு 12 அறையென்றால் ஹெரசி அல்லது 12 அங்குல டானாய். அந்த அறைக்குள் ஏ7-ஐத் திணித்துவிட்டு 'ஹார்ன் என்றாலே கத்தல்' என்று சொல்பவர்கள் ஏராளம்.

கிளிப்ஷார்னுக்கு மூலை எப்படி இருக்க வேண்டும்?

இந்த விஷயத்தில் நம்மூர் வீடுகள் கொடுத்துவைத்தவை. அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவர் பேஸில் அதிர்ந்து சக்தியைத் தின்னும். நம் 9 அங்குலச் செங்கல் சுவர் அசையாது. ஆனால் மூலையிலிருந்து இரு பக்கமும் ஏறக்குறைய 4 அடிக்குக் கதவு, ஜன்னல், அலமாரி எதுவும் கூடாது. இரண்டு மூலையும் அப்படி அமைய வேண்டும். பழைய மயிலாப்பூர் வீடுகளில் அமைகிறது. ஃப்ளாட்டுகளில் பிரச்சினையே மூலையில் துருத்தும் கான்கிரீட் தூண். அது இருந்தால் பெட்டியின் பின்பக்கம் சுவரோடு அடைபடாது. இடைவெளி வழியே பேஸ் ஒழுகிவிடும். தூண் உள்ள மூலைக்கு 18 மி.மீ. பிளைவுட்டில் பொய்ச் சுவர் அடித்துச் சமமாக்கலாம், அல்லது லா ஸ்காலாவுக்கு இறங்கிவிடலாம். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் கதவிடுக்கில் ஒட்டும் ஃபோம் பட்டை ஓட்டுங்கள். ஸ்கர்ட்டிங் டைல் அரை அங்குலம் துருத்தினால் கீழ் ஓரத்தில் தடித்த பட்டை வேண்டும்.

45 டிகிரியில் நிற்பதால் 12 அடிச் சுவரில் இரண்டும் 6 அடி தூரத்தில் ஒன்றையொன்று வெட்டும். நீங்கள் அந்தப் புள்ளிக்குப் பின்னால் உட்கார வேண்டும்.

கர்நாடக சங்கீதத்துக்கு எது? சினிமாப் பாட்டுக்கு எது?

வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், நாகஸ்வரம் எதற்கும் 60 ஹெர்ட்ஸ் வரை போதும். லா ஸ்காலாவும் ஏ7-ம் இங்கே ராஜா. தவிலின் அடி விழும் வேகம் ஹார்னில் மட்டும் அப்படிக் கேட்கும் என்பது இதை எழுதுபவர்களின் ஒருதலைப்பட்சமான தீர்ப்பு. எண்பதுகளின் திரைப்பாடலில் பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸைக் காது பிடித்துக்கொள்வதால் பெரிய குறை தெரியாது. தொண்ணூறுகளுக்குப் பிந்தைய சிந்த் பேஸுக்குக் கார்ன்வால், மாடல் 19, 15 அங்குல டானாய். அல்லது ஒரு சப்வூஃபர்.

பழைய ஜோடி ஒன்று விலைக்கு வருகிறது. எதைச் சோதிப்பது?

கையோடு மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பேட்டரி, டார்ச், ஸ்குரூடிரைவர், ஒரு 20 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், சின்ன ஆம்ப், தொனி உருவாக்கும் செயலி உள்ள செல்பேசி.

பெட்டியைக் குப்புறச் சாய்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ தண்ணீரில் நின்ற பெட்டியில் ஓர் அடி உயரத்தில் கோடு தெரியும், இல்லையென்றால் அடி மட்டும் புதிதாக வார்னிஷ் அடித்திருக்கும். எழுபதுகளின் வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் பார்ட்டிக்கிள் போர்டு. ஊறினால் ரொட்டி போல உப்பும், சரிசெய்ய வழியில்லை. கரையான் மண்கோடு உள்ளே, மூலைகளில் தெரியும். ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினால் பொக்கு ஒலி வரும்.

வூஃபரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். 8 ஓம் வூஃபர் மீட்டரில் 5½ முதல் 7 வரை காட்டும்; 16 ஓம் என்றால் 10 முதல் 13. ஜோடிக்குள் வித்தியாசம் அரை ஓமுக்கு மேல் போனால் ஒன்று ரீகோன் ஆனது, அதாவது கோன் மாற்றியது. கோனின் இரு பக்கமும் விரல்களைப் பரப்பிச் சமமாக உள்ளே தள்ளுங்கள். சரசரவென்றால் கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் உரசுகிறது. பேட்டரியைத் தொட்டால் பிளஸ்ஸுக்குக் கோன் எந்தப் பக்கம் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஜேபிஎல்லின் பழைய வூஃபர்கள் சிலவற்றில் பிளஸ்ஸுக்கு உள்ளே போகும், அது கோளாறு இல்லை.

ஆல்டெக்கின் 416 என்ற 15 அங்குல வூஃபரின் துணி விளிம்பில் பிசுபிசுவென ஒரு பூச்சு இருக்கும். அழுக்கு என்று நினைத்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கெடுத்தவர்கள் உண்டு. அது இருக்க வேண்டிய பூச்சு. ஃபோம் விளிம்புள்ளவை, உதாரணமாக டானாய் எச்பிடி, சென்னை ஈரத்தில் பொடிந்தே போயிருக்கும். புது ஃபோம் ஒட்டினால் சரியாகும், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ரீகோன் செய்யும்போது கையில் கிடைத்த 15 அங்குலக் கோனை ஒட்டிவிட்டால் எடை மாறி, பெட்டிக்குப் பொருந்தாத வூஃபராகிவிடும். கூட்டத்துக்கு வாடகை விடும் ஸ்பீக்கருக்கு அது போதும், 416-க்குப் போதாது.

ஹார்ன் டிரைவருக்குப் பேட்டரி வேண்டாம். 20 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரைத் தொடரில் போட்டு, மெல்லிய ஒலியில் தொனியை 1000 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஏற்றுங்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் 'ஜ்ஜ்' என்றால் டயஃப்ரம் இடைவெளியில் ஏதோ உரசுகிறது. ஜேபிஎல் கம்ப்ரஷன் டிரைவர்கள் சிலவற்றின் பின்மூடிக்குள் ஒட்டிய ஃபோம் கால ஓட்டத்தில் உருகிக் கருப்புப் பாகு போல டயஃப்ரத்தின் மேல் சொட்டியிருக்கும். மூடியைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

டயஃப்ரம் மாற்றுவது வீட்டில் முடியுமா?

ஆல்டெக்கின் 802 ஹார்ன் டிரைவரில் முடியும். மேசையைத் துடைத்து, இரும்புத் துகள் ஒன்றுகூட இல்லாமல் செய்யுங்கள். காந்தம் ஊசியைக்கூட மேசை மேலிருந்து பிடுங்கும், எனவே கருவிகளை ஓரடி தள்ளி வையுங்கள். பின்மூடியைத் திறந்து, கம்பி முனைகளின் நிறத்தைப் படம் எடுத்துக்கொண்டு, டயஃப்ரத்தின் திருகுகளைக் கழற்றி நேராக மேலே தூக்குங்கள். சாய்த்தால் வாய்ஸ் காயில் மடங்கும். மறைப்பு நாடாவை (மாஸ்கிங் டேப்) ஒட்டும் பக்கம் வெளியே வருமாறு மடித்து, காந்த இடைவெளியில் விட்டுச் சுற்றி இழுங்கள். முதல் சுற்றில் நாடா சாம்பல் நிறமாக வரும். வெள்ளையாக வரும்வரை புது நாடா மாற்றுங்கள். புது டயஃப்ரத்தை அதன் இடம் காட்டும் ஊசிகளில் உட்கார வைத்து, திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். நடுவில் மெல்லிய ஒலியில் தொனி விட்டு, உரசினால் தளர்த்தி ஒரு மயிரிழை நகர்த்தி மறுபடி முடுக்குங்கள்.

காந்தத்தை மட்டும் அதன் இரும்புக் கூட்டிலிருந்து பிரிக்காதீர்கள். அல்னிகோ காந்தம் பிரித்த கணமே பலம் இழக்கும். மறு காந்தமூட்டலுக்குத் தகுந்த இயந்திரம் தேடி அலைய வேண்டும்.

அலுமினிய டயஃப்ரம் கிடைத்தால் அதையே போடுங்கள். டைட்டானியம் உடையாது, ஆனால் வீட்டு ஒலியளவில் அலுமினியத்தையும் யாரும் உடைக்கப் போவதில்லை. மேல் ஸ்தாயியில் டைட்டானியத்தின் உலோகக் கணகணப்பு மட்டும் மிச்சம்.  ரிச்சி தெருவில் கிடைக்கும் டிரைவர் ஆல்டெக் 811பி கழுத்தில் நேரடியாக ஏறாமல் போகலாம், அடாப்டர் வேண்டியிருக்கும்.

கிராஸ்ஓவரில் என்ன மாற்ற வேண்டும்?

ஒலியை வூஃபருக்கும் ஹார்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பலகைதான் கிராஸ்ஓவர். அதில் காயிலைத் தொடாதீர்கள், கப்பாசிட்டரை மாற்றுங்கள். ஐம்பது வருட எண்ணெய் டப்பா கப்பாசிட்டர்களில் உள்தடை ஏறி, மேல் ஒலி மங்கும். கிளிப்ஷின் ஏஏ வகைப் பலகையில் நடு ஒலிக்கு 13 மைக்ரோஃபாரட், ட்வீட்டர் பக்கம் 2 மைக்ரோஃபாரட் இரண்டு. ரிச்சி தெருவில் 13 கேட்டால் சிரிப்பார்கள். மோட்டாருக்குப் போடும் 440 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் 10-ம் சீலிங் ஃபேனுக்குப் போடும் 3.15-ம் இணையாகப் போட்டால் 13.15, நாலு பைசா செலவில் 1.2 சதவீதத்துக்குள் வந்துவிடும். வாங்கும் இடத்திலேயே மீட்டரில் அளந்து, இடது வலது இரண்டும் பொருந்தும் ஜோடியாகப் பொறுக்குங்கள். ஸ்டார்ட்டிங் கப்பாசிட்டர் என்று விற்பது எலக்ட்ரோலைட்டிக், அது வேண்டாம்.

எண்பதுகளுக்கு முந்தைய எண்ணெய் டப்பாக்களுக்குள் நச்சு எண்ணெய் இருக்கலாம்; அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1979-ல் தடையானது. கசிந்திருந்தால் கையுறை போடுங்கள், டப்பாவை வெட்டாதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

எத்தனை வாட் ஆம்ப்?

கிளிப்ஷார்ன் 1 வாட்டுக்கு ஒரு மீட்டரில் சுமார் 104 டெசிபல். சாதாரணப் புத்தக அலமாரி ஸ்பீக்கர் 86. இந்த 18 டெசிபல் வித்தியாசம் 63 மடங்கு வாட்டுக்குச் சமம். ஒரு மீட்டரில் 80 டெசிபல் ஒலிக்கு 4 மில்லிவாட்தான் போகிறது. வால்வ் ஆம்ப் என்றால் 2ஏ3 வால்வின் 3½ வாட், 300பி வால்வின் 8 வாட் தாராளம்.

சிக்கல் இரைச்சலில்தான். ஆம்பிலிருந்து 1 மில்லிவோல்ட் ஹம் வந்தால் 86 டெசிபல் ஸ்பீக்கரில் அது 17 டெசிபல்; காதுக்கு எட்டாது. கிளிப்ஷார்னில் 35, ஃபேனை நிறுத்தினால் கேட்கும். ஃபேன் ஓடும்வரை ஆம்ப் நல்லதென்றே நினைத்துக்கொண்டிருக்கலாம்! 200 வாட் மலிவு ஆம்ப் இங்கே தோற்பதும் இதனால்தான்: நீங்கள் கேட்பது முழுக்க அதன் முதல் வாட்டுக்குள்.

ஹார்னுக்குத் தனி ஆம்ப் வைத்தால், கரண்ட் போய் வரும்போது வரும் 'டப்' ஒன்றே டயஃப்ரத்தைக் கிழிக்கும். 16 ஓம் டிரைவருக்கு 20, 8 ஓமுக்கு 40 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றைத் தொடரில் நிரந்தரமாக விடுங்கள்.

ஹார்ன் காதைக் குத்துகிறது. என்ன செய்ய?

பாதிக் குற்றம் அறையுடையது. டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் என்று இருந்தால் எந்த ஹார்னும் குத்தும். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுத் தரையில் ஜமுக்காளம் இரண்டாக மடித்துப் போட்டுவிட்டுக் கேளுங்கள்.

அடுத்து ஹார்னை விரலால் சுண்டுங்கள். 811பி அலுமினிய வார்ப்பு. பூச்சு உரிந்திருந்தால் வெண்கல மணி போல ஒலிக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் கதவுக்கு ஒட்டும் பியூட்டைல் ஷீட் 2 மி.மீ. வாங்கி, வெளிப்பக்கம் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். வாய்க்குள் ஒட்டக் கூடாது. சுண்டினால் 'டொக்' என்று வந்தால் போதும். ஒலியின் சீற்றம் வியக்கத்தக்க அளவு அடங்கும்.

ஏ7-ல் மூன்றாவது காரணம், ஹார்னை முன்விளிம்போடு ஒட்டி அழகாக வைப்பது. வூஃபர் குட்டை ஹார்னின் பின்னால் இருப்பதால் இரண்டு ஒலியும் வேறு வேறு நேரத்தில் வந்து சேர்கின்றன. ஒரு ஸ்பீக்கரை மட்டும் ஓடவிட்டு, ஹார்னின் கம்பிகளை மாற்றிப் போட்டு, 800 ஹெர்ட்ஸ் தொனி விடுங்கள். உட்காரும் இடத்தில் ஒருவர் கேட்க, மற்றவர் ஹார்னைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராகப் பின்னால் தள்ளட்டும். ஓரிடத்தில் தொனி சட்டென்று அமுங்கும். அங்கே கோடு போட்டுவிட்டுக் கம்பியைப் பழையபடி மாற்றுங்கள். இரண்டு வாய்ஸ் காயில்களும் ஏறக்குறைய ஒரே தளத்தில் நிற்கும் இடத்தில் இது அமைய வேண்டும். 800 ஹெர்ட்ஸில் அலைநீளம் 43 செ.மீ. என்பதால் வெகுதூரம் தள்ளினால் பொய்யான இன்னொரு இடமும் அகப்படும்.

பெசன்ட் நகரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. உப்புக் காற்று கெடுக்குமா?

டயஃப்ரத்தைவிடக் கம்பி முனைகளையும் திருகுகளையும்தான் முதலில் அரிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பிகளைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். அலுமினிய டயஃப்ரத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் அதன் ஆயுள் முடிகிறது. கேட்காத நேரத்தில் ஹார்ன் வாய்க்குப் பருத்தித் துணி உறை போதும்; பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டும். பெட்டியைத் தரையில் நேரடியாக வைக்காமல் ஒரு அங்குல ரப்பர் குமிழ்கள் மேல் நிறுத்தினால் வீடு கழுவும் தண்ணீரும் ஏறாது, கரையான் ஏறுவதும் கண்ணில் படும்.

முழு ஸ்பீக்கரை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதா, டிரைவர் மட்டும் வாங்கிப் பெட்டியை இங்கே அடிப்பதா?

ஆல்டெக்குக்கு இரண்டாவது வழி. 825 பெட்டியின் வரைபடத்தை ஆல்டெக்கே வெளியிட்டிருக்கிறது. 18 அல்லது 19 மி.மீ. மரைன் பிளை எடுங்கள், ஐஎஸ் 710 முத்திரை பார்த்து. ஆசாரியிடம் வளைவுப் பலகைதான் கஷ்டம்: 6 மி.மீ. பிளையை மூன்று அடுக்காக வளைத்து ஒட்டச் சொல்லுங்கள், 18 மி.மீ. பலகையில் அறுத்து வளைத்தால் பிளந்துவிடும். பெரிய பக்கப் பலகைகளுக்கு நடுவே 2க்கு 2 அங்குலச் சட்டம் குறுக்கே கொடுங்கள். அசல் பெட்டியே அங்கே அதிரும்.

கிளிப்ஷார்னை இப்படி அடிக்க வேண்டாம். உள்ளே உள்ள மடிப்புகளின் கோணம் ஒரு டிகிரி தவறினாலும் காற்று ஒழுகும், ஒட்டி மூடிய பிறகு திறந்து பார்க்க வழியில்லை.